எக்ஸ்670ஈ மதர்போர்டு: மூன்று வருட உபயோகத்தில் தெரிந்தது

விலை கூடிய மதர்போர்டு போட்டால் கேம் வேகமாக ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓடாது. அதே பிராசசர், அதே கிராபிக்ஸ் கார்டு, அதே ரேமை ஏஎம்டி பிராசசருக்கான போர்டுகளில் ஒரு சுமாரான பி650 வகையிலும் அரை லட்சத்தைத் தாண்டும் எக்ஸ்670ஈ வகையிலும் மாட்டிப் பாருங்கள். ஒரே போர்டில் ஒரே கேமை இரண்டு தடவை ஓட்டினால் ஃபிரேம் எண்ணிக்கையில் எவ்வளவு ஏற்ற இறக்கம் வருமோ, அவ்வளவுதான் இங்கேயும் வரும். இது தெரிந்தேதான் நான் விலை கூடியதை வாங்கினேன். கொடுத்த காசில் எது உழைத்தது, எது இன்றுவரை கைபடாமல் கிடக்கிறது என்று சொல்லும் அளவுக்கு இப்போது பழகிவிட்டது.

போர்டு எந்த நிறுவனத்துடையது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு ரசிகர் மன்றச் சண்டையாகத் திரும்பிவிடும். பெரிய நிறுவனங்கள் நான்கும் இந்த விலையில் விற்பவை உள்ளுக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான், எல்லாவற்றிலும் இருப்பது ஏஎம்டியின் அதே சிப்செட், அதாவது டிரைவ், யூஎஸ்பி போன்றவற்றைப் பிராசசரோடு இணைக்கும் சிப்.

ஏஎம்5 சாக்கெட், அதாவது போர்டில் பிராசசர் உட்காரும் இடம், 2022 செப்டம்பர் 27 அன்று ஏஎம்டியின் ரைசன் 7000 பிராசசர் வரிசையோடு விற்பனைக்கு வந்தது. நான் வாங்கியது அந்த வருடக் கடைசியில், 7700எக்ஸ் பிராசசரோடு. இன்டெல் பக்கம் போகாததற்குக் காரணம் ஒன்றுதான். அவர்களுடைய எல்ஜிஏ1700 சாக்கெட் அப்போதே இரண்டாவது தலைமுறையில் இருந்தது. 14வது தலைமுறையோடு அதன் கதை முடிந்து, 2024 அக்டோபரில் வேறு சாக்கெட் வந்துவிட்டது. ஏஎம்டியோ 2017ல் முதல் ரைசன் உட்கார்ந்த ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2022ல் 5800எக்ஸ்3டி வரை கொடுத்திருந்தது. ஏஎம்5க்கு 2025 வரையாவது ஆதரவு உண்டு என்றார்கள், பிறகு அதை 2027 என்று நீட்டினார்கள். போர்டில் பெரிய தொகையைப் போடுவதாக இருந்தால், அதில் இரண்டு பிராசசராவது வாழ வேண்டும் என்பது என் கணக்கு.

சென்னையின் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் முதலில் சொல்வது ஃபேஸ் எண்ணிக்கையைத்தான், அதாவது பிராசசருக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் பாகங்கள் எத்தனை என்பதை. "சார், இதுல 18 ஃபேஸ், ஒவ்வொண்ணும் 90 ஆம்ப்" என்றார் எனக்கு விற்றவர். பெருக்கிப் பார்த்தால் 1620 ஆம்பியர். ஏஎம்5ல் அன்று அதிகம் இழுத்த பிராசசர் 7950எக்ஸ். அதன் மின் வரம்பு 230 வாட், மின்னோட்ட உச்ச வரம்பு 225 ஆம்பியர். என்னுடைய 7700எக்ஸின் வரம்பு 142 வாட். அப்படியானால் மிச்சமெல்லாம் எதற்கு? சுமை பல ஃபேஸ்களுக்கும் பிரிந்து போவதால் சூடு குறையும், அதுதான் பயன். மே மாதம் சென்னையில் ஏசி போடாத அறையில், வீடியோ ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது விஆர்எம் (இந்த ஃபேஸ்கள் சேர்ந்த மின் பகுதி) 60 டிகிரி பக்கத்தில்தான் நின்றது. நல்ல விஷயம். ஆனால் ஓரளவு நல்ல ஹீட்சிங்க் வைத்த 12 ஃபேஸ் பி650 போர்டு 75 டிகிரியில் நின்றாலும் ஒன்றும் ஆகிவிடாது, அந்தப் பாகங்கள் 100 டிகிரியையும் தாங்குபவை. திரவ நைட்ரஜன் ஊற்றி ஓவர்கிளாக் செய்பவராக நீங்கள் இருந்தால் தவிர, ஃபேஸ் கணக்குக்காகக் காசு தர வேண்டியதில்லை.

நான் காசு கொடுத்தது ஸ்லாட்டுகளுக்கும் பின்பக்கத் துளைகளுக்கும். கேம் ஆடும் அதே கணினிதான் கல்யாண வீடியோ எடிட்டிங் வேலைக்கும். நான்கு எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே செருகும் மெல்லிய டிரைவ்), ஒரு கார்டு ரீடர், மைக், ஸ்டீயரிங் வீல், கீபோர்டு, மவுஸ், பேக்கப் டிஸ்க் என்று எப்போதும் ஏதாவது ஒன்று தொங்கிக்கொண்டே இருக்கும். யூஎஸ்பி ஹப் வைத்து ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரிய ஃபைல் காப்பி ஆகும் நேரத்தில் பாதியில் துண்டித்துக்கொண்டால் வரும் கோபம். இந்த போர்டில் அந்தத் தொல்லை இல்லை.

ஸ்லாட் எத்தனை என்று மட்டும் எண்ணினால் போதாது, அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ரைசன் 7000 பிராசசரிலிருந்து 28 பிசிஐஇ லேன், அதாவது தரவு போகும் தடம், வருகிறது. நான்கு சிப்செட்டுக்குப் போய்விடும், மீதி 24தான் நமக்கு. 16 கிராபிக்ஸ் கார்டுக்கு, நான்கு முதல் எம்.2க்கு, இன்னொரு நான்கை என்ன செய்வது என்பது போர்டு நிறுவனத்தின் விருப்பம். சிலர் இரண்டாவது எம்.2க்குக் கொடுப்பார்கள், சிலர் யூஎஸ்பி4க்கு. மற்ற ஸ்லாட்டுகளும் பழைய வகை டிரைவுக்கான சாட்டாவும் நெட்வொர்க்கும் பெரும்பாலான யூஎஸ்பியும் சிப்செட் வழியாகத்தான். எக்ஸ்670ஈயில் சிப்செட் என்பது உண்மையில் இரண்டு சிப், ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தவை. இரண்டுக்கும் சேர்த்துப் பிராசசரோடு இருக்கும் பாதை ஒன்றே ஒன்று, பிசிஐஇ 4.0 எக்ஸ்4, அதாவது நான்கு லேன், நொடிக்கு 8 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. நாலு தெருவும் ஒரே ரயில்வே கேட்டில் வந்து சேர்கிற மாதிரி. சிப்செட் பக்கம் இருக்கும் ஒரு எஸ்எஸ்டியிலிருந்து பக்கத்து எஸ்எஸ்டிக்கும் கார்டு ரீடரிலிருந்து மூன்றாவதுக்கும் ஒரே நேரத்தில் காப்பி போட்டால் வேகம் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அதனால் எடிட்டிங் நடக்கும் டிரைவைப் பிராசசர் பக்க ஸ்லாட்டிலும், கேம் டிரைவைக் கீழேயும் வைத்திருக்கிறேன். கேம் லோடு ஆவதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

பெயரின் கடைசியில் இருக்கும் ஈ, கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கும் குறைந்தது ஒரு எம்.2க்கும் 4.0ஐவிட வேகமான பிசிஐஇ 5.0 உண்டு என்பதற்கான உறுதி. நான் வாங்கியபோது 5.0ல் ஓடும் ஜிஃபோர்ஸ் கார்டே கிடையாது. 4090கூட 4.0தான், 2025ல் 50 வரிசை வந்துதான் அந்த ஸ்லாட்டுக்கு வேலை வந்தது. அப்போதும் கேம்களில் கிடைப்பது பெரும்பாலும் ஓரிரு சதவீதம். ஈ இல்லாவிட்டால் குடி முழுகிப் போகாது.

இனி ரேம். ஏஎம்5ல் பலர் பயந்துபோய் போர்டைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்புவது இங்கேதான். புது போர்டில் ரேமை மாட்டி முதல் முறை பவர் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். ஃபேன் சுற்றும், போர்டின் மூலையில் டிராம் என்ற குட்டி விளக்கு எரியும், நிமிடக் கணக்கில் வேறு எதுவும் நடக்காது. அது பழுதல்ல. டிடிஆர்5 ரேமை எந்த நேரக்கணக்கில் பேசினால் பிழையில்லாமல் பேசும் என்று போர்டு பழகிக்கொள்கிறது, மெமரி டிரெயினிங் என்பார்கள். 64 ஜிபி போட்டிருந்தால் இன்னும் நேரமாகும். பொறுமையில்லாமல் பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. ஆரம்ப பயாஸ்களில் (பயாஸ் என்பது போர்டின் அடிப்படை மென்பொருள்) தினமும் கணினி எழுந்திருக்கவே ஒரு நிமிடத்துக்குக் கிட்ட ஆனது. மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, பழகியதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வது. முதல் வருடத்தில் அதைப் போட்டால் அவ்வப்போது நீலத்திரை வந்தது, அணைத்து வைத்திருந்தேன். அப்புறம் வந்த பயாஸ்களில் சரியாகிவிட்டது. இப்போது நான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவதற்குள் விண்டோஸ் வந்துவிடுகிறது.

நான்கு ஸ்லாட் இருக்கிறதே என்று நான்கு ஸ்டிக் மாட்டாதீர்கள். ஏஎம்டியின் அதிகாரபூர்வ அளவில் ரைசன் 7000க்கு இரண்டு ஸ்டிக் என்றால் வேகம் 5200, நான்கு என்றால் 3600. போர்டு எவ்வளவு விலை கூடியதாக இருந்தாலும் மெமரி கன்ட்ரோலர் இருப்பது பிராசசருக்குள். ரேம் வேகத்தை ஏற்றும் எக்ஸ்போ என்ற பயாஸ் அமைப்பைப் போட்டு வேகம் 6000, தாமத அளவு சிஎல்30, இரண்டு ஸ்டிக், அதுவும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். 8000 வரை தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை ஆடி அமாவாசைக்கு ஒருமுறை எடுத்துப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம்.

2023 ஏப்ரலில் 7800எக்ஸ்3டி பிராசசர்கள் சாக்கெட்டோடு கருகிய படங்கள் உலகம் முழுக்கச் சுற்றியது நினைவிருக்கலாம். எக்ஸ்போ போட்டதும் சில போர்டுகள், பிராசசருக்குள் மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்ட்டேஜைத் தேவைக்கு மேல் ஏற்றிக்கொண்டன. ஏஎம்டி 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி வரம்பு வைத்தது, எல்லா நிறுவனங்களும் அவசர அவசரமாகப் புது பயாஸ் விட்டன. என்னுடையது எக்ஸ்3டி இல்லை, இருந்தாலும் அன்றே ஏற்றிவிட்டேன். போர்டு வாங்கும் முன் அந்த மாடலின் பயாஸ் பக்கத்தைத் திறந்து பழைய தேதிகளைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். இரண்டு மாதத்துக்கு ஒன்றாவது வந்திருக்கிறதா, பீட்டாவாகவே நிற்கிறதா, இறுதிப் பதிப்பும் வருகிறதா? ஃபேஸ் எண்ணிக்கையைவிட எனக்கு இது முக்கியம். இந்த விஷயத்தில் விலை கூடிய மாடல்களுக்குக் கொஞ்சம் முன்னுரிமை கிடைக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியை, விலை சற்று இறங்கிய பிறகு வாங்கினேன். போர்டு மாற்றவில்லை, ரேம் மாற்றவில்லை, கூலரும் அதேதான். புது பிராசசருக்காகப் புது பயாஸ் ஏற்றியதோடு சரி. பென்டிரைவை ஃபேட்32ல் ஃபார்மட் செய்து, பயாஸ் ஃபைலுக்கு அவர்கள் சொன்ன பெயரை வைத்து, பின்பக்கம் குறியிட்ட யூஎஸ்பியில் செருகி, பட்டனை மூன்று நொடி அழுத்தினால் போதும். பிராசசர் இல்லாமலே வேலை முடியும். இந்த பட்டன் இப்போது சாதாரண விலை போர்டுகள் பலவற்றிலும் வருகிறது, இல்லாத போர்டை எந்த விலையிலும் வாங்காதீர்கள். ஒரு முக்கியமான எச்சரிக்கை. பிராசசரை மாற்றியதும் திரையில், பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் எஃப்டிபிஎம்மை ரீசெட் செய்யலாமா என்று ஒரு கேள்வி வரும். டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதற்குமுன் ரெகவரி கீயை வேறு இடத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் சி டிரைவில் இருப்பது திரும்பாது. விண்டோஸ் 11 ஏற்றிய பல கணினிகளில் பிட்லாக்கர் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும், நமக்கே தெரியாது. நான் பிட்லாக்கரை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் பிராசசரைக் கழற்றினேன்.

பழுது எங்கே என்று இரண்டு இலக்க எண்ணில் காட்டும் குட்டித் திரை, விலை கூடிய போர்டுகளின் இன்னொரு அடையாளம். ஒருநாள் கரண்ட் போய் வந்தபின் கணினி எழவில்லை. திரையில் ஒரே எண் அசையாமல் நின்றது, டிராம் விளக்கும் கூடவே எரிந்தது. ரேமை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்ததில் ஒரு ஸ்டிக் செத்துப்போயிருந்தது. கடைக்குத் தூக்கிப் போகாமல் அரைமணி நேரத்தில் விஷயம் தெரிந்தது. ஆனால் நியாயமாகச் சொன்னால், விளக்கு மட்டும் இருந்திருந்தாலே போதும், அது குறைந்த விலையிலும் கிடைக்கிறது.

பிடிக்காதவை சில. போர்டு இ-ஏடிஎக்ஸ் அளவு, சாதாரண 24.4 சென்டிமீட்டரைவிட அகலம். கேபினட்டில் ஒயர் நுழைக்கும் ரப்பர் துளைகளைப் பாதி மூடிவிட்டது. கீழே இரண்டு எம்.2 ஸ்லாட்டுகள் கிராபிக்ஸ் கார்டின் அடியில் மாட்டிக்கொள்கின்றன. கார்டை விடுவிக்கத் தனி பட்டன் கொடுத்திருப்பதால் ஸ்குரூடிரைவரை உள்ளே விட்டு நெம்பாமல் தப்பிக்கிறேன், இந்த ஒரு பட்டனுக்கே நூறு மார்க் கொடுக்கலாம். விண்டோஸ் ஏறியதும் அவர்களுடைய சாஃப்ட்வேரைப் போடவா என்று தானாக ஒரு பெட்டி எழும்பும். பயாஸிலேயே அதை அணைத்துவிடுங்கள். கலர் விளக்குகளை ஒருமுறை செட் செய்து அந்த சாஃப்ட்வேரை நீக்கியாகிவிட்டது. ஆடியோ நன்றாக இருக்கிறது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கடையில் வாங்கும்போது சாக்கெட் மூடியைத் திறந்து அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏஎம்5ல் 1718 ஊசிகளும் போர்டின் பக்கம் இருக்கின்றன. ஒன்று வளைந்திருந்தாலும் சர்வீஸ் சென்டரில் வாரண்டி கிடையாது என்று கையை விரித்துவிடுவார்கள். அந்த பிளாஸ்டிக் மூடியையும் எறியாதீர்கள், அது இல்லாமல் போர்டை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று ஒரு நண்பரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

இன்று வாங்குவதாக இருந்தால்? எக்ஸ்670ஈக்கு அடுத்து வந்த எக்ஸ்870ஈ என்பது அதே இரண்டு சிப்தான், யூஎஸ்பி4 கட்டாயம் என்பது புதிது. அதற்குப் பிராசசரின் நான்கு லேன் போய்விடுவதால், சில போர்டுகளில் இரண்டாவது எம்.2ஐ நிரப்பினால் கிராபிக்ஸ் ஸ்லாட் 16 லேனிலிருந்து எக்ஸ்8 ஆகச் சுருங்கும். மேனுவலில் இது பொடி எழுத்தில்தான் இருக்கும். கேம் மட்டும் ஆடுபவருக்கு பயாஸ் பட்டனும் மூன்று எம்.2வும் உள்ள, பி650க்கு அடுத்து வந்த ஒரு பி850 போதும், மிஞ்சும் காசைக் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள். டிரைவும் யூஎஸ்பியுமாக என்னைப்போல் வேலை செய்பவர்கள் மட்டும் மேலே போகலாம், அதுவும் 40,000க்குள் கிடைத்தால். நான் மாற்றப்போவதில்லை. இந்த சாக்கெட்டில் அடுத்து வரும் பிராசசருக்கும் இதே போர்டுதான்.