துருக்கி பாஸ்போர்ட்: ஷெங்கனா, தீவு விசாவா, பதூமியா?

துருக்கிக்காரர் ஒருவர் ஒரு வாரம் வெளிநாடு போய்வர நினைத்தால், முதலில் பார்க்க வேண்டியது பாஸ்போர்ட்டின் நிறம். மூத்த அரசு ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் கிடைக்கும் பச்சை பாஸ்போர்ட் கையில் இருந்தால் ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) விசாவே தேவையில்லை. 180 நாளில் 90 நாள் தங்கலாம். (பிரிட்டனும் அமெரிக்காவும் பச்சைக்கும் விசா கேட்கும்.) சாதாரணக் குடிமக்களிடம் இருப்பது மெரூன் பாஸ்போர்ட். அவர்களுக்கு எது சரிப்படும்?

ஷெங்கன் விசா கிடைத்துவிட்டால் பாரிஸ், ரோம், பெர்லின் எங்கும் போகலாம். கிடைப்பதுதான் பெரும்பாடு. 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்ப வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், வேலைச் சான்று, தங்குமிட முன்பதிவு என்று ஒரு கட்டுக் காகிதம் சேர்க்க வேண்டும். அதற்கும் முன்னால் விண்ணப்பம் கொடுக்க அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வேண்டும், கோடைக்காலத்துக்குக் கூட்டம் அலைமோதும். 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால், ஜூலைப் பயணத்துக்கு ஜனவரியிலேயே இறங்கிவிடுவது நல்லது. துருக்கியருக்கு விசாவே வேண்டாம் என்றாக்க ஐரோப்பிய ஒன்றியத்துடன் பேச்சு 2013 டிசம்பரில் தொடங்கியது; 72 நிபந்தனைகளில் மிஞ்சிய சிலவற்றில் அப்படியே நிற்கிறது. மாணவர்களும் சிறு வியாபாரிகளும் இதற்கு விலை கொடுப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஒரே ஆறுதல், 2025 ஜூலையில் வந்த தளர்வு: முதல் விசாவை விதி மீறாமல் பயன்படுத்தியவருக்கு அடுத்து 6 மாத விசா, பிறகு 1, 3, 5 ஆண்டு என நீளும். ஐரோப்பாவுக்கு அடிக்கடி போக வேண்டியவர் முதல் விசாவுக்குப் படும் பாடு வீணாகாது.

கடலோரம் இருப்பவருக்கு கிரேக்கத் தீவு விசா. துருக்கிக் கரைக்கு அருகிலுள்ள 10 கிரேக்கத் தீவுகளுக்கு 2024இல் தொடங்கியது. 7 நாள், கட்டணம் 60 யூரோ. கப்பல் முகவர் மூலம் ஆவணங்களை முன்கூட்டியே அனுப்பிவிட்டால், துறைமுகத்தில் இறங்கியதும் விசா தருவார்கள். துருக்கியின் காஷ் நகரிலிருந்து பார்த்தாலே தெரியும் மெயிஸ் தீவும் இந்தப் பட்டியலில் உண்டு; படகில் அரை மணிக்குள் போய்விடலாம். ஆனால் இதை வைத்து ஏதென்ஸ் போக முடியாது.

முதல்முறை போகிறவருக்கு நான் சொல்வது மூன்றாவது வழி. சார்ப் எல்லை வழியாக ஜார்ஜியாவின் பதூமிக்கு சிப் பொருத்திய அடையாள அட்டை போதும், பாஸ்போர்ட்டே வேண்டாம். பாஸ்போர்ட் இருந்தால் போஸ்னியாவின் சரயேவோ, செர்பியாவின் பெல்கிரேட் இரண்டுக்கும் விசா இல்லாமல் 90 நாள் வரை. தூரம் போக விரும்பினால் ஜப்பானும் தென்கொரியாவும் சுற்றுலாவுக்கு விசா கேட்பதில்லை. அங்கே விமான டிக்கெட்தான் கையைக் கடிக்கும்.

வெளிநாடு போக துருக்கி அரசே வாங்கும் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டில் அது 150 லிராவிலிருந்து 500 ஆனது, பிறகும் ஏறியது. தலைக்குத் தலை கட்ட வேண்டும் என்பதால், குடும்பமாகப் போகிறவர்களுக்கு சின்னத் தொகையாக இருக்காது.