நாய்க்குட்டி வாந்திக்கு இந்த ராமநாதபுரம் கிளினிக்: வைத்தியம் நன்று, உட்காரும் இடம் மோசம்

வாந்தி எடுக்கிற குட்டியை மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் வரை தூக்கிக்கொண்டு வரலாமா என்று யோசிப்பவர்களுக்கு: வரலாம், ஆனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். எங்கள் குட்டிக்கு இரண்டு மாதம் நிரம்பவில்லை, தடுப்பூசி இன்னும் ஆரம்பிக்கவில்லை. மஞ்சள் நுரையாக வாந்தி, தண்ணீர் குடித்தால் அதுவும் வெளியே வந்தது.

போனதும் வாந்தியை நிறுத்த ஒரு ஊசியைக் குத்தி அனுப்பிவிடுகிற இடம் இல்லை இது. டாக்டர் முதலில் ஈறைப் பார்த்தார், தோலைப் பிடித்து இழுத்து விட்டார், அது மெதுவாகத்தான் பழையபடி படிந்தது, உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்றார். அப்புறம் கேள்விகள்: பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள், துணி, எலும்பு எதையாவது விழுங்கியதா, கரையில் வலையிலிருந்து உதறிப்போட்ட பேத்தை மீனை (பந்துபோல உப்பும் விஷ மீன்) கடித்ததா. நம் கரையை அறிந்தவர் கேட்கிற கேள்வி அது. பேத்தை விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது, வேகவைத்தாலும் அது போகாது. குடலில் ஏதாவது அடைத்திருந்தால், வாந்தியை மட்டும் நிறுத்துவது அடைப்பை மறைத்துவிடும் என்பதால்தான் இத்தனை விசாரணையாம். மனிதர்களுக்கான மாத்திரை எதுவும் வீட்டில் கொடுக்கக் கூடாது என்பதையும் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார்.

மலத்தைப் பஞ்சுக் குச்சியில் எடுத்து சோதனைக் கிட்டில் பார்த்தார்கள், சில நிமிடத்தில் பார்வோ என்ற குடல் வைரஸ் நோய் என்று தெரிந்தது. அந்த வைரஸை நேரடியாகக் கொல்ல மருந்து இல்லை, குட்டியின் உடம்பு அதை எதிர்த்து ஜெயிக்கும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம் என்று ஒளிக்காமல் சொன்னார். டிரிப்ஸ், வாந்தி நிற்க ஊசி, குடலிலிருந்து கிருமி ரத்தத்தில் கலக்காமல் இருக்க ஆன்டிபயாடிக், கூடவே அடிக்கடி சர்க்கரை அளவைப் பார்த்தார்கள், சின்னக் குட்டிக்குச் சாப்பாடு இறங்காவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடுமாம். குட்டி பிழைத்தது, இப்போது செருப்பைக் கடிக்கிறது.

செலவு குறைவில்லை. கிட்டுக்குத் தனி, டிரிப்ஸுக்குத் தினமும் தனி. ஆனால் ஊசி போடும் முன்பே கணக்கைச் சொல்லிவிடுகிறார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு. தடுப்பூசிக்கு வந்த நல்ல குட்டிகளும் பார்வோ குட்டிகளும் ஒரே பெஞ்சில்! இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண பினாயிலுக்கு மசியாது, 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து துடைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லி அனுப்பியவர்களே முன்னறையை வெறும் ஈரத்துணியால் துடைக்கிறார்கள். இதற்காகவே ஒரு ஸ்டார் குறைத்தேன். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை போட வேண்டிய ஊசிகள் முடியாத குட்டி என்றால், முறை வரும்வரை வண்டியிலேயே வைத்திருங்கள்.

இரவில் போன் எடுப்பதில்லை, அதனால் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுங்கள். வாந்தியைப் போட்டோ எடுத்து வையுங்கள், டாக்டர் கட்டாயம் கேட்பார்.