பேஸ் 2 மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு: என் 7,20,000 ரூபாய் போன விதம்

7,20,000 ரூபாய். நான் கொடுத்தது ஏப்ரலில். அந்த மனை இருக்கும் இடத்தில் தண்ணீர் நிலையம் வரப்போகிறது என்பது விற்றவர்களுக்குத் தெரிந்தது பிப்ரவரியில். அதற்கான அத்தாட்சி நேற்றுத்தான் தபாலில் வந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், சொல்வது முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மனை வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நிறுவனத்தின் பெயரை இப்போதைக்குப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். மனை பிரித்து விற்கும் ஒரு நிறுவனம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களை எனக்குக் காட்டியது வீடு, மனை தேடுகிற ஒரு செயலி. அதில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக், "சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்" என்று. இடம், செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய ஊர்களில் ஒன்று. அரை கிரவுண்டு, 1,200 சதுர அடி, மொத்த விலை 36 லட்சம்.

பேஸ் 1 விற்று முடிந்து, அதில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ரோடு, மின்கம்பம் எல்லாம் வந்துவிட்டது. அதை ஒட்டிய காலி நிலம்தான் பேஸ் 2. "அப்ரூவல் டேபிள்ல இருக்கு சார், இப்ப புக் பண்ணா சதுர அடிக்கு 400 ரூபா குறைவு" என்றார்கள். ரெரா எண் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டத்தைப் பதிவு செய்த எண்) கேட்டேன், கொடுத்தார்கள். இணையத்தில் போட்டுப் பார்த்தேன், நிஜமான எண்தான், நிறுவனத்தின் பெயரும் சரியாக இருந்தது. அது பேஸ் 1 நிலத்துக்கு வாங்கிய எண். இரண்டும் ஒரே திட்டம், அதே எண்தான் தொடரும் என்று அடித்துச் சொன்னார்கள்.

எங்களிடம் பேசியது ஒரு சின்னப் பையன், இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. முதல் நாள் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அம்மாவக் கூட்டிட்டு வாங்கண்ணா, பெரியவங்க பார்த்து திருப்தியா இருந்தா மத்ததப் பேசிக்கலாம்" என்றான். அம்மாவுக்கு மூட்டுவலி. அவனே காரை மனை வரைக்கும் கொண்டுவந்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நிழலில் உட்கார வைத்தான். பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்துரை எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு அம்மா கையில்தான் கொடுத்தான். வாடகை வீட்டிலேயே காலத்தை ஓட்டியவர் என் அம்மா. அந்த ஃபைலை வீட்டுக்கு வருகிற வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தார்.

அம்மா கேட்ட ஒரே கேள்வி, "தம்பி, இங்க தண்ணி எப்படிப்பா?"

2019 கோடையில் நாங்கள் குரோம்பேட்டையில் இருந்தோம். சென்னைக்குத் தண்ணீர் தருகிற ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். லாரிக்காக ராத்திரி குடத்தோடு காத்திருந்தவர் அவர். அதனால்தான் வேறு எதையும் கேட்காமல் அதைக் கேட்டார்.

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "தண்ணிக்கு இங்க பஞ்சமே வராதும்மா. பக்கத்துலயே பெரிய டேங்க் வரப்போவுது. நான் உங்க பையன் மாதிரி, தப்பான இடத்த உங்களுக்குக் காட்டுவேனா?"

பக்கத்தில் என்றான். அந்த டேங்க் வரப்போவதே அம்மா உட்கார்ந்திருந்த அந்த நிலத்தில்தான். இதை நினைக்கும்போதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. பணம் போனதைக்கூட ஒரு நாள் ஜீரணித்துக்கொள்வேன். ஒரு வயதான மனுஷியின் பயத்தைத் தெரிந்துகொண்டு, அதையே விற்பனைப் பேச்சாக்கியதை எப்படி மன்னிப்பது?

டோக்கன் 20,000 அன்றைக்கே போனில் அனுப்பினேன். அடுத்த வாரம் 7,00,000 வங்கி வழியாக. சீட்டு எடுத்த பணம், மனைவியின் நகையை அடகு வைத்தது, அப்பா ஓய்வு பெற்றபோது வந்ததில் அம்மா போட்டு வைத்திருந்த டெபாசிட், எல்லாம் சேர்ந்துதான் அந்த 7,20,000. ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடலாம் என்று நான் சொன்னேன். "ரெண்டு மாசத்துல கிரயமே ஆயிடப் போவுது, எதுக்குண்ணா வீண் செலவு" என்று சொல்லி முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரையோடு முடித்துவிட்டார்கள்.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு போனபோது, நிலத்தில் சிலர் அளந்து, சிவப்புப் பெயிண்ட் அடித்த கட்டைகளை நட்டுக்கொண்டிருந்தார்கள். லேஅவுட் வேலை ஆரம்பித்துவிட்டது என்று சந்தோஷமாகப் போய்க் கேட்டேன். "லேஅவுட்டா? வாட்டர் ஸ்டேஷன் சார். கீழ்நிலைத் தொட்டி, பம்ப் ரூம், மேல்நிலைத் தொட்டி எல்லாம் இங்கதான்" என்றார் ஒருவர். பேஸ் 1இல் குடியிருக்கும் ஓர் அம்மா வெளியே வந்து, "உங்ககிட்ட யாரும் சொல்லலையா? பேப்பர்லகூட வந்துச்சே" என்றார்.

நடந்தது இதுதான். சென்னைப் பெருநகர்ப் பகுதியில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஓர் உபயோகம் உண்டு. குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம் என்று 2008இல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தில் குறித்திருக்கிறார்கள். 1971ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் அதை மாற்றவும் முடியும். அந்த நிலம் குடியிருப்பு உபயோகத்தில் இருந்தது. உள்ளாட்சிக்குப் புறம்போக்கு எதுவும் தோதாகக் கிடைக்காமல், இந்த சர்வே எண்களைக் குறித்து, குடியிருப்பிலிருந்து நிறுவன உபயோகத்துக்கு (பள்ளி, ஆஸ்பத்திரி, பொது வசதிகள் மாதிரியானவற்றுக்கான வகை) மாற்றித் தரச் சொல்லி ஜனவரியிலேயே தீர்மானம் போட்டிருக்கிறது. அதன் பிறகு ஆட்சேபணை கேட்டு அறிவிப்பும் வந்திருக்கிறது. அப்புறம் எங்கிருந்து பேஸ் 2க்கு அப்ரூவல் வரும்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், தண்ணீர் நிலையம் வருவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த ஊருக்கு அது கட்டாயம் வேண்டும். ஏரிக்கரையிலேயே ஒரு நாளைக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கிற நிலையம் இருக்கிறது, சுற்றியிருக்கிற தெருக்களில் இன்னும் கேன் தண்ணீர் இறங்குகிறது. தாராளமாகக் கட்டட்டும். தெரிந்தே மறைத்து என்னிடம் 7,20,000 வாங்கினார்களே, அதுதான் என் வழக்கு.

பட்டாவும் வில்லங்கமும் சுத்தமாகத்தானே இருந்தன என்று கேட்பீர்கள். சுத்தமாகத்தான் இருந்தன, இப்போதும் சுத்தமாகத்தான் இருக்கின்றன. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும். உபயோக மாற்றத்துக்குப் போட்ட தீர்மானமோ பேப்பர் அறிவிப்போ அதில் ஏறாது. வக்கீல் கருத்துரையும் யாரிடமிருந்து யாருக்கு நிலம் வந்தது என்பதோடு நின்றுவிடுகிறது. இதெல்லாம் தெரிந்துதான் அந்த ஃபைலை அவ்வளவு தைரியமாக அம்மா கையில் கொடுத்திருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சே மாறிவிட்டது. முதலில், "அது வெறும் தீர்மானம்தான் சார், ஆயிரம் தீர்மானம் போடுவாங்க." அடுத்து, "எம்டி ஊர்ல இல்ல." அண்ணா என்று கூப்பிட்டவன் சாருக்கு மாறினான், அப்புறம் போனையே எடுக்கவில்லை. அலுவலகத்துக்குப் போனால் வரவேற்பில் இருக்கிற பெண் காபி கொடுத்து உட்கார வைப்பார், உள்ளே மீட்டிங் மட்டும் முடியவே முடியாது. ஒரு மேனேஜர், "மூணு வருஷம் பொறுங்க, கவர்மென்ட் எடுக்கலன்னா தானா ரிலீஸ் ஆயிடும்" என்றார். திட்டத்தில் ஒதுக்கிய நிலத்தை மூன்று வருடத்துக்குள் கையகப்படுத்தும் வேலையைத் தொடங்காவிட்டால் விடுவிக்கிற பிரிவு ஒன்று அந்த 1971 சட்டத்தில் இருப்பது உண்மைதான், 38ஆம் பிரிவு. அது என் கேஸுக்குப் பொருந்துமா என்பதே வேறு கேள்வி. பொருந்தினாலும், அந்த மூன்று வருடமும் என் 7,20,000 இவர்கள் கணக்கில், நகைக்கு வட்டி நான் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் விட மோசமான பதில், "உங்களுக்கு லக்கு சார், கவர்மென்ட் எடுத்தா நஷ்டஈடு டபுளா வரும்." யாருக்கு வரும்? 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி சந்தை மதிப்பும், அதற்கு மேல் நூறு சதவீத ஆறுதல் தொகையும் நிலத்தின் சொந்தக்காரருக்குத்தான். கிரயம் ஆகாத நான் அதில் யார்? அதுமட்டுமில்லை, அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல்நிலை அறிவிப்பு வந்துவிட்டால், கையகப்படுத்தும் வேலை முடிகிற வரைக்கும் அந்த நிலத்தில் யாரும் வாங்கவோ விற்கவோ கூடாது. அதாவது அறிவிப்பு வந்த பிறகு அவர்களே நினைத்தாலும் எனக்குக் கிரயம் செய்து தர முடியாது.

செயலிக்காரர்களிடம் புகார் போட்டேன். "உங்கள் புகாரை மதிக்கிறோம், நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்கும் தளம் மட்டுமே" என்று தானியங்கிப் பதில் வந்தது, புகார் முடிந்ததாகக் குறித்துவிட்டார்கள். பச்சை டிக் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

நேற்று வந்த தபாலுக்கு வருகிறேன். உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஆர்டிஐ போட்டு, தீர்மானத்தின் நகலும் அதற்கு வந்த ஆட்சேபணைகளின் நகலும் கேட்டிருந்தேன். பத்து ரூபாய்க் கட்டணம்தான். வந்த ஆட்சேபணைகளில் ஒன்று இந்த நிறுவனத்தின் லெட்டர்பேடில், எம்டி கையெழுத்தோடு, பிப்ரவரித் தேதியிட்டு இருக்கிறது. "மேற்படி சர்வே எண்களில் தண்ணீர் நிலையம் அமைத்தால் எங்களுக்குப் பெருத்த நஷ்டம் ஏற்படும்" என்று எழுதியிருக்கிறார். பிப்ரவரியில் இதை எழுதிக் கொடுத்துவிட்டு, ஏப்ரலில் என் அம்மாவை அதே நிலத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். அவர்கள் நஷ்டத்தை என் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்கள், வேறென்ன?

இதைப் பார்த்ததும் வக்கீலுக்கே முகம் மாறிவிட்டது. விற்பவர் தனக்குத் தெரிந்த, வாங்குபவரால் எளிதில் கண்டுபிடிக்க முடியாத குறையைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது 1882ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறதாம், 55ஆம் பிரிவு. ரெரா சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, பதிவு செய்ய வேண்டிய திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. 13ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. 36 லட்சத்துக்குப் பத்து சதவீதம் 3,60,000. என்னிடம் வாங்கியது அதைப் போல இரண்டு மடங்கு. ரெராவில் படிவம் எம் மூலம் புகார் தயாராகிக்கொண்டிருக்கிறது. போலீசிலும் கொடுக்கப் போகிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது உட்கார்ந்து வரிசையாக எழுதுகிற நிலையில் நான் இல்லை. அவசரத்துக்கு இவற்றை மட்டும் பாருங்கள். ரெரா எண்ணைப் போட்டுப் பார்த்தால் போதாது, அந்தப் பதிவில் உங்கள் மனையின் சர்வே எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த சர்வே எண்ணுக்கு என்ன உபயோகம், அதை மாற்றக் கேட்டு ஏதாவது வந்திருக்கிறதா என்று பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் நேரில் போய்க் கேளுங்கள். பக்கத்தில் ஏற்கெனவே குடியிருப்பவர்களிடம் விசாரியுங்கள், விற்பவர் கூட இல்லாத நேரத்தில். பதிவு செய்யாத ஒப்பந்தத்துக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். "அப்ரூவல் டேபிள்ல இருக்கு" என்றால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

செம்பரம்பாக்கம் பக்கம் இந்த வருடம் பேஸ் 2 என்று பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அந்த ஆட்சேபணைக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, உங்களுக்கும் தருகிறேன். அடுத்த வாரம் புகார் கொடுக்கும்போது என் பெயர் ஒன்று மட்டும் இருக்கக்கூடாது.