தோற்ற ஆட்டம்: உடனே அலசுவதா, ஆறப்போடுவதா?

தோற்ற கையோடு, நகர்த்தல்களை எடைபோடும் மென்பொருளான செஸ் எஞ்சினைத் திறந்தால், எந்த நகர்த்தலில் கோட்டைவிட்டோம் என்பது நொடியில் தெரிந்துவிடும். அப்போது என்ன நினைத்து அந்தக் காயை நகர்த்தினோம் என்பதை மட்டும் எஞ்சின் சொல்லாது. மறப்பதற்குள், நகர்த்தல்களைக் குறிக்கும் ஸ்கோர்ஷீட் ஓரத்தில் கிறுக்கி வைக்கலாம். உடனே அலசுவதில் எனக்குத் தெரிந்த லாபம் அவ்வளவுதான்.

ஆறப்போடுவதற்கு 2024 டொராண்டோ கேண்டிடேட்ஸ் (உலக செஸ் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) நல்ல சாட்சி. 7-வது சுற்றில் நேர நெருக்கடியில் ஃபிரூஜாவிடம் தோற்றார் குகேஷ். மறுநாள் ஓய்வு. 8-வது சுற்றில் விதித்தை வென்றார். 13-வதில் அதே ஃபிரூஜாவையும். கடைசியில் பட்டமும் அவருக்கே. (ஓய்வு நாள் நமக்கு யார் தருகிறார்கள் என்பது வேறு விஷயம்.)

ஆபீஸில் தப்பான ஆளுக்கு மெயில் போய்விட்டால் கணக்கு வேறு. உடனே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். யார் மேல் தப்பு என்ற அலசல் திங்கட்கிழமைக்குப் போகட்டும்.