சேன் சேப் கால்வாய்ப் படகு: பாங்காக்கில் என் தினப் பயணம்

மூன்று வருஷமாக ராம்கம்ஹெங்கிலிருந்து அசோக்குக்கு இந்தப் படகில்தான் வேலைக்குப் போகிறேன். மேலே சாலையில் கார்கள் அசையாமல் நிற்கும் நேரத்திலும் இது பாய்ந்து போய்விடும். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. தாய்லாந்துப் பணமான பாத் சில்லறையாகக் கையில் இருந்தால் போதும்.

துறையில் சில நொடிகள்தான் நிற்கும். கயிற்றைப் பிடித்துச் சட்டென்று ஏறிவிட வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்தால், எதிரே படகு வரும்போது தண்ணீர் உள்ளே தெறிக்காமல் இருக்க, கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்துவது உங்கள் வேலை. முதல் நாள் எனக்கு அது தெரியவில்லை. பின்னாலிருந்த பாட்டி ஒருவர் எட்டி இழுத்துக் காட்டினார். ஹெல்மெட் போட்ட நடத்துநர் படகின் வெளி விளிம்பிலேயே நடந்து வந்து டிக்கெட் கொடுப்பார். கால் பதறாத அந்த நடையை இன்றும் வியந்துதான் பார்க்கிறேன்.

தண்ணீர் கறுப்பு, வெயில் காலத்தில் நாற்றமும் உண்டு. கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு இந்தப் படகை நான் பரிந்துரைக்கமாட்டேன். பிரதுநாம் துறையில் இறங்கி வேறு படகு மாறினால் கடைசித் துறை பான்ஃபா. தங்கமலைக் கோயில் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். தாய்லாந்து மன்னர் மூன்றாம் ராமா காலத்தில், 1837இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. இரவில் சேவை சீக்கிரமே முடிந்துவிடும், சினிமாவுக்குப் போனால் திரும்புவதற்கு வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள்.