கொங்கண் ரயில்வே: மழைக்காலச் சேவையும் இணைப்பு பற்றிய கவலையும்

கோவாவின் மட்காவிலிருந்து மகாராஷ்டிரத்தின் சிப்ளூன் வரை, ஆடி மாத மழையில், பகல் வண்டியில் சன்னலோரம் அமர்ந்து சென்ற பயணத்தை வைத்து, மேற்குக் கடற்கரையோரம் ஓடும் கொங்கண் ரயில்வேயின் சேவையை மதிப்பிடுகிறேன். ரத்னகிரிக்கு முன்னால் பன்வல் ஆற்றின்மேல் 64 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாலமும், அந்த ஊரைத் தாண்டியபின் வரும் ஆறரைக் கிலோமீட்டர் கர்புடே சுரங்கமும் வியக்க வைப்பவை. ஆனால், என் மனத்தில் ஆழமாகப் பதிந்தவர்கள், மழைச்சட்டையோடு தண்டவாள ஓரத்தில் ஒதுங்கி நின்று வண்டிக்கு வழிவிட்ட ரோந்துப் பணியாளர்கள்தாம். எப்போது சரியும் என்று சொல்ல முடியாத செம்மண் மேடுகளுக்கு நடுவே நம்மைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பது அவர்களுடைய கண்கள்.

2003 ஜூனில் வைபவ்வாடி அருகே சரிந்து கிடந்த பாறைகளில் மோதி வண்டி தடம் புரண்டதில் 51 பேர் உயிரிழந்தார்கள். மறு ஆண்டு ஜூனிலும் கரஞ்சாடி அருகே விபத்து நேர்ந்தது. சரிவுகளுக்கு வலை போர்த்துவதும், மழையை அளந்து வேகத்தைக் குறைப்பதும், மழைக்காலத்துக்கெனத் தனிக் கால அட்டவணை வெளியிடுவதும் இன்று இங்கே நடைமுறை. இதனால் பயணம் நீள்வதை நான் குறையாகக் கருதவில்லை.

உண்மையான குறை ஒற்றைத் தடம்தான். மகாராஷ்டிரத்தின் ரோஹாவிலிருந்து கர்நாடகத்தின் தோக்கூர் வரை சுமார் 740 கிலோமீட்டர் நீளும் தடத்தில், ரோஹா–வீர் இடையிலான 46 கிலோமீட்டர் மட்டுமே இரட்டைத் தடமாகியிருக்கிறது. 2022இல் மின்மயமாக்கல் முடிந்துவிட்டபோதும், எதிரே வரும் வண்டிக்காக நிலையத்தில் ஒதுங்கி நிற்கவேண்டிய நிலை மாறவில்லை. இதன் வேர் நிதி அமைப்பில் இருக்கிறது. 1990இல் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில், மத்திய அரசோடு மகாராஷ்டிரம், கர்நாடகம், கோவா, கேரளம் ஆகியவையும் பங்கு போட்டுத் தொடங்கிய கொங்கண் ரயில்வே கழகம், கட்டுமானச் செலவின் பெரும்பகுதியைக் கடன் பத்திரங்கள் மூலமே திரட்டியது. இந்திய ரயில்வேயின் மண்டலங்களைப் போல மத்திய நிதிநிலை அறிக்கையிலிருந்து தாராளமாகப் பெற வழியில்லாத ஒரு நிறுவனம், மலையைக் குடைந்து இரண்டாவது தடம் போடுவது எளிதன்று. பயணிகளிடம் உண்மைத் தொலைவைவிட 40 விழுக்காடு கூட்டிக் கணக்கிட்டுக் கட்டணம் பெறும் வழக்கமும் இந்த நெருக்கடியின் விளைவே.

ஆகவே, இந்தக் கழகத்தை இந்திய ரயில்வேயுடன் இணைக்கும் முடிவை வரவேற்கிறேன். மற்ற மூன்று மாநிலங்களைத் தொடர்ந்து 2025 மே மாதத்தில் மகாராஷ்டிரமும் இசைவளித்தது. பெயர் மாறக்கூடாது, தான் போட்ட 396 கோடி ரூபாய் திரும்ப வரவேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். பெயரைக் காப்பது நல்லதே. ஆனால், அதைவிடக் காக்கப்பட வேண்டியது, எந்தச் சரிவு எவ்வளவு மழைக்கு இளகும், எந்தச் சுரங்கத்தில் நீர் கசியும் என்று ஆண்டுக்கணக்கில் கண்டறிந்து வைத்திருக்கும் ஊழியர்களின் அனுபவம். 2024 ஜூலையில் கோவாவின் பெர்ணம் சுரங்கத்தில் நீர் பொங்கிப் போக்குவரத்து நின்றதை நினைத்தால் அதன் அருமை புரியும். இணைப்புக்குப் பின் தடத்தைத் துண்டாக்கிப் பக்கத்து மண்டலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், அந்த அனுபவமும் சிதறிப்போகும். முழுத் தடமும் ஒரே நிர்வாகத்தின்கீழ், ரோந்துப் படையோடு நீடிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இன்றைய சேவைக்கு ஐந்துக்கு நான்கு தருகிறேன்; குறைத்த ஒன்று ஒற்றைத் தடத்துக்கு. மழைக்காலத்தில் முன்பதிவு செய்பவர்கள் அப்போதைய அட்டவணையைப் பார்த்து, மாறி ஏற வேண்டிய வண்டிக்குப் போதிய இடைவெளி விட்டுக்கொள்ளுங்கள்.