பாத்ரூம் சுவர்: பெயிண்டா, பேனலா, டைல்ஸ் மேல் டைல்ஸா?

புதூரில் எங்கள் வீட்டு பாத்ரூமுக்கு 30 வயது. இளநீல டைல்ஸ், நடுவில் பூப்போட்ட ஒரு வரிசை, குழாய்க்குக் கீழே போர் தண்ணீரின் உப்பு திட்டுத் திட்டாக. 5க்கு 7 அடி அறைதான். ஆனாலும் 7 அடி உயரத்துக்குக் கணக்குப் போட்டால், கதவு போக 150 சதுர அடி வருகிறது. "உடைச்சா பைப் லைனும் சேர்ந்து வேலை வைக்கும், யோசிச்சுக்கங்கண்ணே" என்றார் கொத்தனார். சரி, உடைக்காமல் என்ன வழி?

பிவிசி பேனல் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் ஜாயிண்ட் வழியாக உள்ளே போகும் ஈரம் அங்கேயே தங்கி நாறும். வாஷ்பேசின் பக்கம் வேண்டுமானால் ஒட்டலாம். குளிக்கிற பக்கம் வேண்டாம்.

டைல்ஸுக்கான எபாக்ஸி பெயிண்ட் செலவு குறைவு, வேலை அதிகம். சோப்புப் பிசுக்கும் உப்பும் துளி இல்லாமல் போக வேண்டும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், சுவர் நன்றாகக் காய வேண்டும். பெயிண்ட் இரண்டு டப்பாவாக வரும்; இரண்டையும் கலந்துவிட்டால் இறுகுவதற்குள் அடித்து முடிக்க வேண்டும். அப்புறம் பல நாள் தண்ணீர் படக்கூடாது. ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் அத்தனை நாள் எங்கே குளிப்பது? அதோடு, நம்ம ஊர் உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடத்தை நார் போட்டுத் தேய்க்காமல் இருக்க முடியாது. முதலில் உரிவதும் அங்கேதான்.

டைல்ஸ் மேல் டைல்ஸ் பார்க்க அழகு, செலவும் அதற்குத்தான் அதிகம். வழவழப்பான பரப்பில் வெறும் சிமெண்ட் பிடிக்காது, டைல்ஸ் ஒட்டும் கம் வேண்டும். சுவர் ஏறக்குறைய அரை அங்குலம் முன்னால் வரும். குழாய்களை அதற்கேற்ப நீட்ட வேண்டும். எதற்கும் முன்னால் பழைய டைல்ஸை ஒரு ரூபாய்க் காசால் தட்டிப் பாருங்கள். 'டொப்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் அதன் மேல் ஒட்டுவது வீண்; கீழே இருப்பது விட்டால் மேலே இருப்பதும் சேர்ந்து விழும்.

எங்கள் சுவரில் இரண்டே டைல்ஸ்தான் அப்படிச் சத்தம் போட்டன. அதனால் நாங்கள் எடுத்தது நாலாவது வழி. டைல்ஸுக்கு நடுவே கறுத்துப்போன ஜாயிண்டைச் சுரண்டி எடுத்து, அந்த இடுக்கில் எபாக்ஸி கிரவுட் (இடுக்கை அடைக்கும் கலவை) போட்டோம். சுரண்டவே இரண்டு நாள். எபாக்ஸியை உடனுக்குடன் துடைக்க வேண்டும், இறுகிவிட்டால் அந்தத் தீற்றல் போகாது. உப்புக்கு ஆசிட் ஊற்றுகிறவர்கள் அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். ஆசிட் பழைய சிமெண்ட் ஜாயிண்டையும் அரித்துவிடும். எங்கள் ஜாயிண்ட் கறுத்ததில் அதற்கும் பங்கு உண்டு.

அந்த இரண்டு டைல்ஸுக்கு அதே நீலம் எங்கும் கிடைக்கவில்லை. வெள்ளையை ஒட்டி, மேலே சோப்பு ஸ்டாண்டை மாட்டிவிட்டோம்.